ஏரிமேட்டில் ஒரு முகூர்த்தம்

ஒன்றும் தெரியாதவனால் உலகத்துக்கு வருகிற கெடுதல் கம்மி. அதே விஷயத்தில் நல்ல மார்க் வாங்கியவனால் வருவதுதான் ஜாஸ்தி. மண்ணைப் பற்றிய பாடத்தில் நான் வகுப்பிலேயே இரண்டாவது. முதலாவது வந்தவன் என் தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்னும் பெரிய நாசம் செய்திருப்போம்.

எழுபதுகளின் கடைசி. வெளியூரில் வேளாண்மை படித்து முடித்துவிட்டு, வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்துத் திருவண்ணாமலையில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். படித்ததெல்லாம் செலவாகாமல் அப்படியே உள்ளே இருந்தது. அம்மா ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால்கூட, "இது செம்மண்ணும்மா, வடிகால் நல்லா இருக்கும், இன்னும் ஊத்தலாம்" என்பேன். (செடி அந்த வாரமே செத்தது. அதற்கு வேறு காரணம் சொன்னேன்.)

அப்போதுதான் தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஏகாம்பரம், கீழ்பென்னாத்தூர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். ஆவணியில் முகூர்த்தம். அந்த நாளில் ஊரில் ஒரு மண்டபம்கூடக் காலியில்லை. எங்கள் வீடோ இரண்டு அறை. ஒன்றில் நாங்கள் இருந்தோம், இன்னொன்றில் அப்பாவின் தையல் மெஷின் இருந்தது.

"ஏரிமேட்டுல பந்தல் போட்டுடலாம்ப்பா" என்றேன் நான்.

ஏரிமேடு என்பது ஊருக்கு வெளியே, கீழ்பென்னாத்தூர் சாலையை ஒட்டிய வெற்றிடம். ஒரு காலத்தில் ஏரி அதுவரைக்கும் பரந்திருந்ததாம். தண்ணீர் பின்வாங்கிப் பின்வாங்கிப் போக, பழைய தரை படிப்படியாகத் தட்டு மாதிரி நின்றுவிட்டது. மேல் தட்டு மைதானம் போலச் சமம். வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, கடப்பாரைக்கே மசியாத கெட்டியாக இருந்தது. ஓரத்தில் கோரைப்புல் தளதளவென்று மண்டிக் கிடந்தது. கோரை எங்கே முளைக்கிறதோ அங்கே தண்ணீர் வடியாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். நேரில் பார்த்தபோது, "பச்சைப் பசேல்னு எவ்ளோ லட்சணமா இருக்கு!" என்று மட்டும்தான் தோன்றியது.

அப்பா தையல்காரர். அளவெடுக்காமல் எதையும் நம்ப மாட்டார். "மழை வந்தா தண்ணி நிக்காதாடா?" என்றார்.

"பரிசோதனை பண்ணிக் காட்டறேன்" என்று ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, ஒரு வெடிப்பில் ஊற்றினேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டது. ஒரு சொட்டு மேலே இல்லை. அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

(களிமண் காய்ந்தால் வெடிக்கும், முதல் தண்ணீரை வெடிப்பு விழுங்கும், பிறகு மண் ஊதி, வெடிப்பு மூடிக்கொள்ளும், அதற்குமேல் ஒரு சொட்டு இறங்காது. இதுவும் பாடத்தில் இருந்தது. பக்கத்தின் எந்த ஓரத்தில் இருந்தது என்பதுகூட இப்போது ஞாபகம் இருக்கிறது.)

சாலையோரத்தில் எருமை வைத்திருந்த பொன்னம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். நிலம் அவளுடைய கொழுந்தனாருடையது.

"தம்பி, மழ பேஞ்சா எம் எருமைங்களே அந்தாண்ட போவாதுங்க" என்றாள்.

"எருமைங்க படிக்கலையே" என்றேன்.

"அதனாலதான் அதுங்க இன்னும் உசுரோட இருக்குது" என்றாள் அவள்.

பந்தல் போட்டோம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் வந்தது. ஒரே ஒரு மணி நேரம்தான் பெய்தது. ஆனால் விட்டுவிட்டுப் பெய்யவில்லை, கொட்டியது.

காலையில் பளிச்சென்று வெயில். மேலே தண்ணீர் மினுமினுவென்று ஒரு விரற்கடை நின்றது. "ஒரு மணி நேரத்துல இறங்கிடும்" என்றேன். இரண்டு வண்டி மணல் கொட்டச் சொன்னேன். மணலும் இறங்கிவிட்டது. தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது.

முதலில் வந்து முறையிட்டவர் சமையல்காரர். "தம்பி, அடுப்பு பூமிக்குள்ள போவுது. சாம்பார் அண்டா ஒரு பக்கமா சாய்ஞ்சிடுச்சு. இப்ப இந்தப் பக்கம் பருப்பு ஜாஸ்தி, அந்தப் பக்கம் தண்ணி ஜாஸ்தி. யாருக்கு எந்தப் பக்கம் ஊத்தறதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"சம்பந்தி வீட்டுக்குப் பருப்புப் பக்கம்" என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்கு ஓடினேன்.

அங்கே மாப்பிள்ளையின் அப்பா முன்கூட்டியே வந்து இரும்பு நாற்காலியில் அமர்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. எட்டு மணிக்கு அவர் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் மனைவியைவிட ஒரு தலை உயரமாக இருந்தார். எட்டேகாலுக்கு இருவரும் சம உயரம். எட்டரைக்கு அந்த அம்மாள் குனிந்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன், ஆனால் சொல்லவில்லை. சம்பந்தியிடம் "நீங்க மூழ்கறீங்க" என்று எந்த மரியாதை வார்த்தையைச் சேர்த்துச் சொல்வது?

முழங்கால் மார்புக்கு வந்தபோது அவரே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாய்யா இது! கல்யாணம் பண்ற எடமா, நாத்து நடற எடமா? ஏகாம்பரத்தக் காரை விட்டு எறங்க வேணாம்னு சொல்லு. கெளம்பலாம்!"

கிளம்பத்தான் முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். அவர் வந்தார், செருப்பு வரவில்லை. நாற்காலியும் வரவில்லை. வெறுங்காலோடு நின்றவருக்குக் கோபத்தை எந்தப் பக்கம் நடந்து காட்டுவது என்று தெரியவில்லை. என் அப்பா கைகூப்பிக்கொண்டு எதிரே நின்றார். அவர் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கல்யாணமே நின்றுபோகலாம். அதற்கு நான் ஒருவன்தான் காரணம்.

மாப்பிள்ளையின் கார் சாலையிலேயே நின்றிருந்தது. அங்கிருந்து பந்தலுக்கு நூறு அடி. முகூர்த்தம் முடிய அரை மணிதான் பாக்கி. ஏதாவது வீரச்செயல் செய்து பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற வெறியில் காரை நோக்கி ஓடினேன்.

"மாப்ள, முதுகுல ஏறுங்க!"

ஏகாம்பரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பட்டு வேட்டிங்க மச்சான்…"

"அதுக்குத்தான் சொல்றேன். ஏறுங்க!"

மாலையும் கழுத்துமாக ஏறிக்கொண்டார். நாதஸ்வரக்காரர் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து மங்களமாக ஆரம்பித்துவிட்டார். முதல் இருபது அடி கம்பீரமாகப் போனேன். முப்பதாவது அடியில் வலது கால் கணுக்கால் வரை போயிற்று. நாற்பதில் இரண்டு காலும் முழங்கால் வரை. அத்தோடு சரி. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

"ஏன் மச்சான் நின்னுட்டீங்க?" காதருகே குரல் வந்தது.

காலை இழுக்கப் பார்த்தேன். பளக்கென்று ஒரு சத்தமும், அழுகின முட்டை வாடையும் வந்தன. கிளறின இடத்தில் மண் நீலமும் சாம்பலுமாக இருந்தது. நடுவே துரு நிறத்தில் புள்ளிகள். பாடத்தில் படித்தது அச்சு அசல் அப்படியே! வெட்கத்தை மீறி எனக்கு ஒரு பரவசம் வந்துவிட்டது.

"மாப்ள, இது வடிகாலில்லாத பழைய ஏரிக் களிமண்ணு. நனைஞ்சா ஊதிக்கும். உள்ள காத்தே போவாது. அதனாலதான் நீல நெறமா…"

"மச்சான், நானும் வாத்தியார்தான். பாடம் எடுக்க இதுவா நேரம்? என்னைக் கீழ மட்டும் விட்டுடாதீங்க!"

அந்த நேரம் பார்த்துக் கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது. சாலையில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்ததால் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு மூன்று தலை. மாலை போட்ட மாப்பிள்ளையை முதுகில் சுமந்தபடி சேற்றில் நட்டு வைத்த மாதிரி நான் நிற்பதை அத்தனை பேரும் பார்த்தார்கள். "ஷூட்டிங்கா?" என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.

செல்வி, சாலையோரம் பொன்னம்மா வீட்டில்தான் அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள், என் முதுகிலிருந்தவரைப் பார்த்தாள், அழுகிற அப்பாவைப் பார்த்தாள். அவள் அழவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்:

"யாரும் எங்கியும் போவ வேணாம். ரோட்டுலயே கட்டிக்கறேன். அவரை மட்டும் இந்தாண்ட கொண்டாங்க!"

பொன்னம்மா அதற்குள் தன் வைக்கோல் போரைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். கத்தை கத்தையாகச் சேற்றில் போட்டுப் பந்தல்வரைக்கும் பாதை அமைத்தாள். என் பக்கத்தில் வந்ததும், "எருமைக்கு வெச்ச வைக்கலு. இன்னிக்கு ஒனக்கு" என்றாள். ஏகாம்பரம் என் முதுகிலிருந்து வைக்கோலில் இறங்கி, சொட்டுச் சேறு படாமல் சாலைக்குப் போய்விட்டார். ஐயர் ஒரு இரும்புச் சட்டியில் அக்னியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பந்தலிலிருந்தவர்கள் எல்லோரும் போனார்கள். வைக்கோல் தீர்ந்தது. நான் அங்கேயே இருந்தேன்.

தார் ரோட்டில் கோலம் போட்டு மணை வைத்தார்கள். சம்பந்திக்கு பஸ் டிரைவர் தன் சீட்டு மெத்தையைக் கழற்றிப் போட்டார். அவர் அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து, மூழ்காது என்று தெரிந்ததும் கொஞ்சம் சிரித்தார்.

"பொண்ணோட அண்ணன் வந்து பொரி போடணும்" என்றார் ஐயர்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் நாற்பது அடி தள்ளி, தொடைவரைக்கும் இறங்கி, கையை மட்டும் ஆட்டினேன்.

"நேரம் போவுதே" என்றார் ஐயர்.

பஸ் கண்டக்டர் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். "எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி கெடையாதுங்க. நான் போடறேன்" என்று செல்வியின் கையில் பொரியை அள்ளிப் போட்டார். தாலி ஏறும்போது மேளத்துக்குப் போட்டியாக விசிலையும் ஊதினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக அட்சதை போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் என்னை நினைத்துக்கொண்டார்கள். எருமை கட்டுகிற கயிற்றை வீசி, இரு வீட்டாரும் பஸ் பயணிகளும் சேர்ந்து இழுத்தார்கள். நான் வந்தேன். புது வேட்டி வரவில்லை. தையல்காரர் மகன், அப்பா தைத்த டிராயரோடு, ஊருக்கு முன்னால். தாலி கட்டும்போது விழாத கைதட்டல் அப்போது விழுந்தது.

அந்தக் கண்டக்டர் பெயர் தணிகாசலம். அடுத்த பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்துமாகச் செல்வி வீட்டு வாசலில் போய் நின்றார். அடுத்த வருஷமும். ஒரு வருஷமும் தவறவில்லை. நான் எவ்வளவு சீக்கிரம் சீர்வரிசையோடு போனாலும் அவர் எனக்கு முன்னால் வந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். ஏகாம்பரம் வீட்டில் "பெரிய மச்சான்" என்றால் அவர். நான் "சேத்து மச்சான்". செல்வியின் பிள்ளைகளுக்கு நான் "சேத்து மாமா". அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள், என் உண்மைப் பெயரே அதுதான் என்று நினைத்து, ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

ஏகாம்பரத்துக்கு அறுபது முடிந்தபோது ஊரிலேயே பெரிய மண்டபத்தில் விழா. வழவழவென்று சலவைக்கல் தரை. மறுபடியும் தாலி கட்டுகிற நேரம். "அம்மாவோட அண்ணன் வந்து மாலை எடுத்துக் குடுங்க" என்றார் ஐயர். நானும் எழுந்தேன், தணிகாசலமும் எழுந்தார்.

செல்வி என்னைப் பார்த்துக் கையமர்த்தினாள்.

"பெரிய அண்ணன் குடுக்கட்டும். நீ அங்கியே நின்னு பாரு. ஒனக்குப் பழக்கம்தானே."