உள்பக்கம் ஹுக் இல்லாத கூடாரம்

மாமல்லபுரம்,
புதன்கிழமை.

அன்புத் தம்பி அமீருக்கு, அக்கா ஷஹர்பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் மச்சானும் உன் மருமகள் மலீஹாவும் நலம். அங்கே சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் நீயும் நஜ்மாவும் சின்னவன் தௌசிஃபும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். உனக்கு இந்த வாரமும் நைட் ஷிப்ட்தானா? நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாயா, பின்னால் போடுகிறாயா? முன்னால் போட வேண்டும். நிற்க.

போன் இருக்கும்போது அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் என் குரல் தெருமுனைச் சிற்பக்கூடம் வரைக்கும் கேட்கிறதாம், உன் மச்சான் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் எனக்கு டைப் அடித்துத் தருவதே மலீஹாதான். அவளைப் பற்றிய புகாரை அவளையே டைப் அடிக்கச் சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை.

விஷயம் இதுதான். அவள் கல்லூரி இயற்கைக் குழுவில் பன்னிரண்டு பெண்கள் ரெஜினா மேடத்தோடு ஜவ்வாது மலைக்கு மூன்று நாள் போகிறார்கள். இரண்டு ராத்திரி காட்டில் தங்கல். அங்கே பயன்படுத்தும் பொருள் எதையும் கடையில் வாங்கக் கூடாது, கையால் செய்துகொண்டு வர வேண்டும் என்பது அந்த மேடம் போட்ட சட்டம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாளைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ‘நீ செய்கிற ஒவ்வொன்றையும் நம் மொட்டை மாடியில் நான் சோதித்துப் பார்ப்பேன், ஒன்று தேறாவிட்டாலும் நீ போகக் கூடாது’ என்று நிபந்தனை போட்டேன். அவள் உடனே “சரிம்மா” என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர் வடிகட்டி. பெரிய பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி, துணி, கரித்தூள், மணல், கூழாங்கல் என்று அடுக்க வேண்டுமாம். பாலாற்று மணலைக் கழுவிப் போடச் சொல்லிவிட்டு அவள் கல்லூரிக்குப் போனாள். உன் மச்சான் விடுவாரா? “கூப்புட்ற தூரத்துல கடலு கீது, மணலுக்குப் போயி எவனாவது பாலாத்துக்குப் போவானா?” என்று கடற்கரையிலிருந்து ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். குழாய்த் தண்ணீரில் செம்மண்ணைக் கரைத்து ஊற்றினோம், கண்ணாடி போல் இறங்கியது. குடும்பத் தலைவர்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, “பானு, தண்ணி தெளிவா கீது, ஆனா உப்பு கரிக்குது” என்கிறார். உலகத்தில் எல்லாரும் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கப் பார்க்கிறார்கள், என் வீட்டில் நல்ல தண்ணீரை உப்புத் தண்ணீராக்கி, அதையும் பிரஷர்காரர் குடித்தார். சாயந்திரம் வந்து அவள் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, ஆற்று மணல் போட்டு மறுபடி அடுக்கினாள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது அடுப்பு. இரண்டு கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஓரத்தில் துளை போட்டிருந்தாள். கொரோனா சமயத்தில் உன் மச்சானின் ஹார்டுவேர் கடையில் மீந்துபோன ஸ்பிரிட் இருந்தது, அதை ஊற்றிப் பற்றவைக்க வேண்டும். வெயில் தாழ்ந்தபிறகுதான் பற்றவைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவர் மதியம் பன்னிரண்டு மணிக்கு மாடியில் வைத்துப் பற்றவைத்தார். அந்த வெளிச்சத்தில் ஸ்பிரிட் ஜுவாலை கண்ணுக்குத் தெரியாதாமே, எங்களுக்கு எப்படித் தெரியும்? “இன்னா பானு, பத்தவே இல்லியே” என்று குனிந்து ஊதினார். இப்போது தாடி ஒரு பக்கம் குட்டையாக இருக்கிறது. பள்ளிவாசலில் இமாம் கேட்டதற்கு, வீட்டில் ஹல்வா கிண்டும்போது ஆனது என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயந்திரம் அதே அடுப்பில் மலீஹா மூன்று பேருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருந்தாள்.

தீக்குச்சி இல்லாமல் நெருப்பு உண்டாக்குவதற்கும் ஒன்று செய்தாள். வளைந்த சவுக்குக் குச்சியில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றில் ஒரு கோலைச் சுற்றி, முருங்கைக் கட்டையில் பள்ளம் தோண்டி, அதில் கோலை நிறுத்தித் தயிர் கடைகிற மாதிரி இழுக்க வேண்டும். நான் நேரம் பார்த்தேன். ஆறாவது நிமிடம் கட்டையிலிருந்து கங்கு விழுந்தது, தேங்காய் நாரில் வைத்து ஊதினாள், பற்றிக்கொண்டது. பாஸ் என்று என் தையல் அளவு நோட்டில் எழுதினேன். அவள் போனபிறகு, இதில் ஏதாவது தில்லுமுல்லு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நானும் இழுத்தேன். முதல் நாள் தோள்பட்டை போயிற்று. இரண்டாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம். மூன்றாம் நாள் தைக்க வேண்டிய துணியெல்லாம் அப்படியே கிடக்க, பதினொரு மணி சுமாருக்குக் கங்கு விழுந்தது அமீர்! “மலீஹா, மலீஹா” என்று கத்திக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. இதை நீ யாரிடமும் சொல்லாதே.

இனிமேல்தான் கூடாரம். அவள் வரைந்து காட்டியது ஒரு பெரிய விரிப்பு, மூலைக்கு ஒரு கயிறு, அவ்வளவுதான். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற இடத்தில் என் பெண் படுப்பாளா? இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள் நான், இதை என்னிடம் விடு என்று சொல்லிவிட்டேன். அவளைத் தரையில் படுக்க வைத்து டேப் பிடித்து அளவெடுத்தேன். ரெயின்கோட் துணியில் இரண்டு பக்கச் சுவர், பின்சுவர், அவற்றோடு சேர்த்துத் தைத்த தரை, முன்னால் மேலிருந்து கீழ்வரை பதினெட்டு ஹுக், எல்லாம் கச்சிதம். ஊசித் துளையில் மழை இறங்காமல் இருக்கத் தையல் முழுக்க மெழுகுவர்த்தி தேய்த்தேன். மெழுகு யோசனை மட்டும் அவளுடையது.

நேற்று மதியத்துக்குமேல் மாடியில் அதைக் கட்டி, நான் உள்ளே போய்ப் படுத்து, உன் மச்சானை ஹுக் மாட்டச் சொன்னேன். பொறுமையாகப் பதினெட்டையும் மாட்டினார். “எப்டி கீது?” என்றார். “நல்லா கீது” என்றேன். “சரி, அசருக்கு நேரமாச்சி” என்று பள்ளிவாசலுக்குப் போய், அங்கிருந்து அப்படியே கடைக்கும் போய்விட்டார். அதற்கப்புறம்தான் நான் ஹுக்கைத் தேடினேன். அமீர், பின்பக்க ஹுக் ஜாக்கெட் தைத்துத் தைத்துப் பழகின கை இது. போட்டுக்கொள்கிறவளுக்கு எட்டாத இடத்தில்தான் ஹுக் இருக்கும், மாட்டிவிட இன்னொருத்தி வேண்டும். கூடாரத்துக்கும் அதையே செய்து வைத்திருக்கிறேன். போன் கீழே தையல் மிஷின்மேல். கத்தரிக்கோலும் அதன் பக்கத்தில். பலமாக இழுத்துப் பார்த்தேன், என் தையல் அல்லவா, பிரியவில்லை. கத்தலாம் என்றால், சிற்பக்கூடத்து ஆட்களெல்லாம் மாடி ஏறி வந்து இந்தக் கோலத்தைப் பார்ப்பதா?

அப்போது மழை பிடித்தது. சிற்பக்கூடத்தில் உளிச் சத்தம் நின்றுபோனது. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. வேறென்ன செய்வது, படுத்துக்கொண்டேன். கை நீட்டினால் துணி, தலைக்குமேல் மழை, அக்கா என்று கூப்பிட ஆளில்லை. நிக்காஹ் ஆன நாளிலிருந்து பகலில் கண் அசராதவள் தூங்கிப் போனேன். எழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. இது இவ்வளவு சுகமாக இருந்தால் அவள் எப்படி வீட்டுக்குத் திரும்பி வருவாள்?

மழை விட்டதும் நம் பூக்காரக் கன்னியம்மா கீழே கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மாடி ஏறி வந்தாள். நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்ததும் ஒரு கூச்சல் போட்டாள்.

“இன்னாக்கா, இதுக்குள்ள இன்னா பண்ணிகினு கீற?”

“ஹுக்கு வெளில கீது கன்னியம்மா, கயட்டு.”

“அது கெடக்கட்டும். என் ஜாக்கெட்டு இன்னா ஆச்சி? போன வியாயக்கெயமன்னு சொன்ன, இன்னிக்கி செவ்வா.”

“தரேன், மொதல்ல கயட்டு.”

“எப்ப தருவ? அத்த சொல்லு, கயட்டறேன்.”

இருபத்தாறு வருடத்தில் எந்த வாடிக்கைக்காரிக்கும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை. நாளை என்று சொன்னேன். நாளை எத்தனை மணிக்கு என்றாள். பத்து மணி என்று சத்தியம் செய்தபிறகுதான் கழற்றினாள். அந்த ஜாக்கெட்டை இன்று காலை கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

சாயந்திரம் மலீஹா வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை. “எம்மா, நீயும் அத்தாவும் மாத்தனதுதான் பெயிலாச்சி. நான் சொன்ன மாரி செஞ்சது எதுனா பெயிலாச்சா?” என்றாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கூடாது என்று சொல்ல என்னிடம் ஒரு காரணம்கூட மிச்சமில்லை. இருப்பது ஒன்றுதான்: அவள் பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் அவளைப் பிரிந்து படுத்ததில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் மறுத்தால் காரணம் கேட்பாள், அவள் அத்தா மறுத்தால் தாடியைப் பார்த்துச் சிரிப்பாள். நீ சொன்னால் மட்டும் கேட்பாள். ஸ்கூட்டி வேண்டும் என்று நின்றபோது நான் நாற்பது காரணம் சொன்னேன், நீ “வேணாம்மா” என்று ஒரே வார்த்தை சொன்னாய், அடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் போன் செய்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடு. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

நஜ்மாவுக்கு என் சலாம் சொல். தௌசிஃபின் சுன்னத்துக்குத் தைத்த ஜிப்பா இன்னும் பத்துகிறதா? உள்ளே துணி விட்டிருக்கிறேன், பிரித்துப் பெரிதாக்கலாம். உங்கள் மூவருக்கும் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் அல்லாஹ் தரட்டும். வஸ்ஸலாம்.

அன்புடன்,
அக்கா ஷஹர்பானு

பி.கு: இன்று வியாழன். நேற்று கவருக்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது ரெஜினா மேடம் போன் செய்தார். துணைக்கு வர வேண்டிய இன்னொரு மேடத்துக்குக் கால் சுளுக்காம். பெண்களின் அம்மாக்களில் யாராவது வர முடியுமா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. அதனால் நீ போன் செய்ய வேண்டாம். நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். மூன்று நாளும் உன் மச்சான் கடையைப் பூட்டிவிட்டு உன் வீட்டில்தான் தங்கிச் சாப்பிடுவார், உப்பைக் குறைத்துப் போடச் சொல். கூடாரத்தில் உள்பக்கமும் ஹுக் வைத்து, இரண்டு பேர் படுக்கிற மாதிரி பிரித்துத் தைத்துவிட்டேன். அதைப் பார்த்ததிலிருந்து மலீஹா முகமே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் அவள் உனக்குப் போன் செய்வாள், “அம்மா வர வேணாம்னு நீங்க சொல்லுங்க மாமா, நீங்க சொன்னாதான் கேக்கும்” என்பாள். எடுக்காதே.