மாரியாயி கோயில் பல்லியை நான் புட்டியில அடைச்ச கதை

அன்னைக்கு எனக்கு ஒரே வேலை. ஒரு பல்லி புடிக்கோணும்.

சிரிக்காதீங்க. சம்பளமே அதுக்குத்தான்!

சேலம் அஸ்தம்பட்டியில ஒரு பங்களா. அதுல ஒரு ஆராய்ச்சி ஐயா. நம்ம ஜில்லா சனங்க எந்தச் செடியை எதுக்கு வெச்சிருக்காங்க, எந்தப் பிராணியை எப்படி நடத்தறாங்கன்னு இங்கிலீசுல புத்தகம் எழுதிக்கிட்டு இருந்தாரு. வராண்டாவுல, சாய்வு நாற்காலியில படுத்துக்கிட்டேதான். வேலியோரத்து ஆவாரம்பூ எதுக்காகும்னு தோட்டக்காரரை ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு. சீமைப் புத்தகத்தைப் பொரட்டிக் கண்டுபுடிப்பாரு. இதுக்குப் பேரு ஆராய்ச்சி!

"திருச்செங்கோட்டுப் பக்கம் பல்லி வாக்குச் சொல்லாம கல்யாணமே பேச மாட்டாங்களாமே? அந்தப் பல்லியில ஒண்ணு உசுரோட கொண்டா"ன்னாரு.

"பல்லி இந்தச் செவுத்துலயே இருக்குதுங்களே ஐயா."

"இது சும்மா பல்லிடா. வாக்குச் சொல்ற பல்லி வேணும்!"

படிச்ச மனுசன் பேசற பேச்சா இது? ஆனா நான் அவருக்கு மேல மடையன். "ஆகட்டுமுங்க"ன்னு கெளம்பிட்டேன்.

ஏன்னா அதே பக்கத்து ஊர்லதான் எனக்குப் பொண்ணு பாத்திருந்தாங்க. வயசு முப்பதைத் தாண்டியாச்சு. எங்கம்மா வேண்டிக்காத கோயில் இல்லை. என் தாய்மாமன் நேரா பொண்ணு ஊட்டுக்கு வந்தர்றேன்னு சொல்லியிருந்தாரு. ஒரே பயணத்துல ரெண்டு வேலையையும் முடிச்சர்லாம்னு நெனச்சேன். பெரிய மூளை!

உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் இல்லாம கரியில ஓடற பஸ்ஸு. மேடு வந்தா எறங்கித் தள்ளோணும். போய்ச் சேரறதுக்குள்ள மாப்பிள்ளை வேட்டி கரிமூட்டையாட்டம் ஆயிப்போச்சு.

ஊர்க்கோடியில மாரியாயி கோயில். ஆளே இல்லை. செவுத்துல ஒரு பல்லி. துண்டைப் போட்டு அமுக்கினேன். வாலு மட்டும் கீழ விழுந்து துள்ளுச்சு. மீதியைப் புட்டியில போட்டு, வாயில துணியைக் கட்டிப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு பொண்ணு ஊட்டுக்குப் போனேன். மாமன் முன்னாடியே வந்து உக்காந்திருந்தாரு.

பொண்ணு பேரு செல்லம்மா. மோரைக் குடுத்துட்டு என் வேட்டியைப் பாத்தா. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு அப்பவே புடிச்சுப் போச்சுங்க!

அவங்கப்பாவும் மொகம் மலர்ந்து, "எங்களுக்குச் சம்மதமுங்க. மாரியாயி கோயில் பல்லி ஒரு வாக்குச் சொல்லிட்டா தட்டு மாத்திக்கலாமுங்க"ன்னாரு.

நான் பையை இழுத்து அக்குள்ல இடுக்கிக்கிட்டேன்.

"பையை இங்கியே வெச்சுட்டு வாங்க மாப்பிள்ளை."

"இருக்கட்டுமுங்க! இருக்கட்டுமுங்க!"

கோயில்ல எல்லாரும் செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் தரையைப் பாத்தேன். அந்த வாலு அங்கியே கெடக்குது! மெல்லக் காலை வெச்சு மறைச்சேன்.

வெயில் ஏறிப்போச்சு. சத்தமே இல்லை. "ஆத்தா ஏனோ இன்னைக்கு வாயே தொறக்க மாட்டீங்கறாளே"ன்னு அவங்கப்பா கலங்கிட்டாரு.

அப்பத்தான் கேட்டுச்சு. ச்சுக், ச்சுக், ச்சுக்!

"சொல்லிருச்சு! சொல்லிருச்சு!" அவரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. மாமன் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. நானும் வெக்கமில்லாம சேர்ந்து கும்பிட்டேன்.

செல்லம்மா மட்டும் காதைச் சாச்சுக் கேட்டா. "அப்பா, செவுத்துல இல்லீங்க. இவரு பையில பேசுது."

பையைத் தொறந்தாங்க. அவங்கப்பா புட்டியைத் தூக்கிப் பாத்தாரு. "ஏனுங்க, இது என்னுங்க?"

"ஆராய்ச்சிங்க."

"எங்காத்தா வாக்கைப் புட்டியில அடைக்கறதுக்குப் பேரு ஆராய்ச்சிங்களா? மொதல்ல நடையக் கட்டுங்க!"

மாமன் என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டாரு. செல்லம்மா பல்லியைச் செவுத்துல விட்டா. அது மேல ஏறி, நல்லாச் சத்தமா வாக்குச் சொல்லுச்சு. இப்ப யாரு கேக்கறது?

பங்களாவுக்கு வந்து அழாத கொறையா அத்தனையும் சொன்னேன். ஐயா மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம்! "பிரமாதம், பிரமாதம்!"னு எழுதிக்கிட்டாரு.

புத்தகம் வந்துச்சு. மெட்ராஸ்ல மாலை போட்டாங்க. அதுல இப்படி இருந்துச்சு: சேலம் ஜில்லாவில் மணமகன் பெண் பார்க்கச் செல்லும்போது, வாலறுத்த பல்லியொன்றைப் புட்டியிலிட்டு எடுத்துச் செல்வது தொன்றுதொட்ட வழக்கம்.

தூ!

அடுத்த பொண்ணு சேலம் டவுன்லியே பாத்தாங்க. அவங்கப்பா பி.ஏ. படிச்சவரு, உலகம் தெரிஞ்சவரு. நான் உள்ள நொழைஞ்சதும் என் ரெண்டு கையையும் பாத்தாரு. மொகம் சுருங்கிப் போச்சு.

"பல்லி கொண்டாரலீங்களா?"