வெண்டல் க்ராஃப் தோற்கப் பார்த்த ஞாயிறு

அமெரிக்கன் ஃபுட்பால் பருவத்தின் கடைசி ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, டுலூத் அணி ஏழு புள்ளி முன்னிலையில் இருந்தது. அதன் தலைமைக் கோச் வெண்டல் க்ராஃப் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமைதான் அணியின் முதலாளியம்மா ஓபர்ஹோல்ட் அவரை வீட்டுக்கு அழைத்து, ஆப்பிள் கேக் வெட்டிக் கொடுத்து, கனிவாகப் பேசியிருந்தார்.

"கடைசி இடத்துல முடிக்கிற டீமுக்குத்தான் காலேஜ் பசங்கள்ல முதல் ஆளைப் பொறுக்கற உரிமை, இல்லையா வெண்டல்? அந்த டெக்சாஸ் பையன் எனக்கு வேணும்."

"ஞாயித்துக்கிழமை நாம ஜெயிச்சுட்டா கடைசி இடம் போயிடுமேம்மா."

"ஜெயிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே! அந்தப் பையன் வந்தா அவனுக்கு நீங்கதான் கோச். வரலேன்னா... இன்னொரு துண்டு கேக் எடுத்துக்குங்க."

வீரர்களிடம் தோற்கச் சொல்ல முடியாது. அடுத்த வருஷ வேலைக்காக எலும்பு முறிய ஆடுகிற ஆட்கள். தோற்கும் வசதி கோச் ஒருவருக்குத்தான் உண்டு.

க்ராஃப் ஆட்டத் திட்டங்கள் அச்சிட்ட லேமினேட் அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். எதிரணி உதட்டைப் படித்துவிடக் கூடாது என்று எல்லாக் கோச்சுகளும் செய்வதுதான். இந்தப் பருவம் முழுக்க அந்த அட்டைக்குப் பின்னால் அவர் அதிகம் சொன்னது, "இப்ப என்ன பண்றது?" என்பது.

இன்றைக்குத் தெளிவாக இருந்தார். பத்து யார்டு முன்னேற நாலு முயற்சி, அதில் மூன்று வீணாகிவிட்டன. சொந்தக் கோட்டருகே நிற்பவன் நாலாவதில் பந்தைத் தூர உதைத்துத் தலைமுழுகுவான்.

"உதைக்க வேணாம். ஓடச் சொல்லு."

துணைக் கோச் டாட்லாக் பதறினார். "கோச், நம்ம கோட்டுக்கு எட்டே யார்டுதான் இருக்கு!"

"உள்மனசு சொல்லுதுய்யா."

ஓடினார்கள். எதிரே பதினோரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒமாஹா அணி பத்துப் பேரைத்தான் நிறுத்தியிருந்தது. அந்த ஓட்டை வழியே பந்து முப்பது யார்டு போய்விட்டது.

"பத்துப் பேர்னு எப்படி கோச் கண்டுபிடிச்சீங்க?"

"எண்ணினேன்," என்றார் க்ராஃப், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆனா குவேடு பத்துப் பேரை நிறுத்தறார்னா, அதுல ஏதோ சூது இருக்கும்," என்றார் டாட்லாக்.

எதிர்க் கரையில் ஒமாஹாவின் கோச் லெஸ்டர் குவேடு சிலை மாதிரி நின்றிருந்தார். தலைமைப் பண்பு பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். இந்தப் பருவம் அவருக்கும் சறுக்கல்தான், பட்டியலில் டுலூத்துக்கு ஒரே ஒரு படி மேலே. ஆனால் சறுக்குவதைக்கூடத் திட்டம் போட்டுச் சறுக்குகிறவர் என்று பெயர்.

க்ராஃப் அடுத்த ஆயுதத்தை எடுத்தார். பந்தை எறிந்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக்கை உட்காரவைத்துவிட்டு, ஆறு வருஷமாகப் பெஞ்சு தேய்த்த லிண்ட்க்விஸ்டை எழுப்பினார்.

"நானா?" என்றார் அவர், சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு. "என் ஹெல்மெட் எங்கேன்னு தெரியலையே கோச்."

"யாருதையாவது மாட்டிட்டுப் போ."

கடன் வாங்கிய ஹெல்மெட் கண்ணை மறைக்க, லிண்ட்க்விஸ்ட் பந்தைக் குத்துமதிப்பாக எறிந்தார். பந்து போன பக்கம் ஒமாஹா ஆள் ஒருவன்கூட இல்லை. குவேடு எல்லாரையும் முன்னால் அனுப்பியிருந்தார். டச் டவுன், சுளையாக ஆறு புள்ளி.

அரங்கம் எழுந்து நின்றது. டாட்லாக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் கோச். வெளியில நிறைய பேசிட்டேன்."

"தெரியும்," என்றார் க்ராஃப் சோகமாக. "நீ நினைச்சது தப்பில்ல."

ஆட்டம் முடிய நாலு வினாடி மிச்சம் இருந்தபோது டுலூத் பதினாறு, ஒமாஹா பதினாலு. பந்து ஒமாஹாவிடம், கோல் கம்பங்கள் கூப்பிடு தூரத்தில். பள்ளிக்கூடப் பிள்ளை உதைத்தாலும் மூன்று புள்ளி, ஒமாஹாவுக்கு வெற்றி. க்ராஃப் அன்று முதல்முறையாக மூச்சை நிம்மதியாக விட்டார்.

குவேடு அட்டைக்குப் பின்னால் என்னவோ சொன்னார். உதைக்க வேண்டியவன் உதைக்கவில்லை. பந்தைக் கையில் எடுத்தான், எறியப் பார்த்தான், தன் அணிக்காரன் முதுகிலேயே மோதி விழுந்தான். ஆட்டம் முடிந்தது.

"குவேடுக்கு என்ன மூளை! யாருமே எதிர்பார்க்கல," என்றார் டாட்லாக் மரியாதையோடு.

வீரர்கள் ஆரஞ்சு பானத்தைத் தொட்டியோடு க்ராஃபின் தலையில் கவிழ்த்தார்கள். ஜனவரிக் குளிரில் அது சட்டைக்குள்ளேயே உறைந்தது. மேலே கண்ணாடி அறையில் ஓபர்ஹோல்ட் அம்மா திரையை இழுத்து மூடினார்.

க்ராஃப் வழக்கப்படி கைகுலுக்க மைதான நடுவுக்குப் போனார். குவேடு அவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, அட்டையால் இருவர் வாயையும் மறைத்தார்.

"ரொம்ப நன்றி வெண்டல்! எங்க முதலாளிக்கும் அந்த டெக்சாஸ் பையன்தான் வேணுமாம். ஆனா நீ ஆடவெச்ச ஆட்டத்துக்கு, எங்க நான் ஜெயிச்சுத் தொலைச்சுடுவேனோன்னு கடைசி நாலு செகண்டு வரைக்கும் எனக்கு உயிரே இல்லப்பா."