டீச்சரம்மாவிடம் சொன்ன ஏமாற்றம்

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தவனிடம், "பொண்ணு எப்படி?" என்று கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏதோ இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்தால் வெட்கங்கெட்டவன் என்று பெயர் வந்துவிடும். கண் பட்டுவிடும் என்ற பயம் வேறு.

பழனிக்காரனான நான் ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் குமாஸ்தா. சாயங்காலங்களில் வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார். அன்றைய பாடம், மனதில் இருப்பதைச் சொல்வது. பயந்தவன் 'ஃப்ரைட்டண்டு', பயமுறுத்துவது 'ஃப்ரைட்டனிங்'. ஏமாந்தவன் 'டிஸப்பாயிண்டட்', ஏமாற்றம் தருவது 'டிஸப்பாயிண்டிங்'. சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

பெருமாள்மலை டீக்கடை ராமையாவின் மகள் கனகத்தை அப்போதுதான் எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். தூக்கம் கெடும் அளவுக்குப் பிடித்திருந்தது. அதை இத்தனை பேர் முன்னால் சொல்வதா? எழுந்து நின்று, கல்யாணம் ஃப்ரைட்டனிங், நான் ஃப்ரைட்டண்டு, பெண் டிஸப்பாயிண்டிங், நான் டிஸப்பாயிண்டட் என்று இங்கிலீஷில் முழங்கினேன். ஒரு பிழை கிடையாது (அதுதான் வினை). நம்மவர்கள் சிரித்தார்கள், பயலுக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. டீச்சரம்மாதான் கண் கலங்கினார்.

சனிக்கிழமை காலை என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். ஆரஞ்சு வாங்கப் போகிறோமாக்கும் என்று கூடையோடு ஏறினேன். யாரிடம் விசாரித்து வைத்திருந்தாரோ, வண்டி ராமையா கடை வாசலில் போய் நின்றது.

டீச்சரம்மாவின் தமிழ் பிரசங்கத் தமிழ். மெதுவாகப் பேசவே வராது. "ஐயா, இந்த வாலிபன் உம்முடைய குமாரத்தியைக் குறித்து மிகவும் ஏமாற்றமடைந்திருக்கிறான். திருமணத்தை எண்ணிப் பயப்படுகிறான். அவனைக் கட்டாயப்படுத்தாதிரும்!"

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அதுவரை என்னை 'மாப்ளே' என்றே கூப்பிட்டு வந்த ராமையா, "ஏலே, பிடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? வெள்ளைக்காரியக் கூட்டியாந்து எம் மானத்தை வாங்குறதுதான் ஒனக்குச் சோலியா?" என்றார்.

கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒரு பாவமும் அறியாத பெண்ணை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது செத்துவிடலாம் போல் இருந்தது.

கனகம் உள்ளேயிருந்து வந்தாள். அழுதிருந்தாள். "அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "கூடைய எறக்குங்க. என்னையப் பிடிச்சிருக்கா, இல்லையா? வெரசாச் சொல்லுங்க, பஸ் வருது."

"பிடிச்சிருக்கு."

"அந்தம்மாவுக்குக் கேக்கலை."

"பிடிச்சிருக்குங்க!" என்று கத்தினேன். வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் விசில் அடித்தார். டீச்சரம்மாவின் முகம் தக்காளியாகச் சிவந்தது.

கல்யாணம் நடந்தது. ஆனால் எங்கள் வீட்டில் விருந்தென்றால், சம்பந்தி வீட்டாரே வந்திருந்தாலும், இலை போடுவதற்கு முன் நான் எழுந்து நின்று, "கனகத்தை எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லியாக வேண்டும். "கேக்கலை தாத்தா!" என்று பேரப்பிள்ளைகள் கத்துவார்கள். எனக்கு இன்றும் உடம்பெல்லாம் கூசும். எத்தனை அடுப்பு வேலை இருந்தாலும், சரியாக அந்த நேரத்துக்குக் கனகம் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றுவிடுவாள்.