மாமா நாற்பது செக்கன் கேட்ட பாட்டு

லிங்கநகர்,
திருகோணமலை.

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு,

இங்கு அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். அங்கு உங்கள் கோபத்தைத் தவிர எல்லாம் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து நீங்கள் வெளியேறிவிட்டதால் இதைக் கடிதமாக எழுதவேண்டியிருக்கிறது. நேரில் எனக்கு இவ்வளவு கதைக்க வராது. போன முறை நீங்கள் ரொறன்ரோவிலிருந்து வந்து மூன்று வாரம் எங்கள் வீட்டில் நின்றபோது நான் உங்களோடு பேசியது, "தேத்தண்ணி போடட்டோ மாமா?" மட்டும்தான்.

எங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் தம்பி இராகுலனின் குழு தொண்டை கிழியக் கத்துகிற மெற்றல் பாட்டு ஒன்றைப் பாட அனுமதி கேட்டது. நிருவாக சபை ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு ஓம் என்றுவிட்டது. ஆனால் நீங்கள் காப்பாளர், உங்கள் சம்மதக் கடிதம் வந்தால்தான் மேடை. நீங்களோ யாரோ முகநூலில் போட்ட நாற்பது செக்கன் காணொளியைப் பார்த்துவிட்டு, "அக்காவின்ர பிள்ளை சாத்தானுக்குப் பாடுறான்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம்தான், கடிதம் போய்வரவே ஒரு மாதம். இரண்டு வருடமாகப் பாலையூற்றில் ஒரு மூடிய அரிசி ஆலைக்குள் நின்று பழகிய பிள்ளைகள், மாமா. இராகுலன் மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போகிறான். கறிக்குள் இறால் இருந்தும் எழும்பிப் போகிறான்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அவனுடைய முடி தோளைத் தாண்டிவிட்டது. கறுப்பு ரீசேர்ட்டில் கொம்பு வைத்த ஆட்டு மண்டையோடு ஒன்று இருக்கிறது. அம்மா அதைக் கொடியில் காயப்போட, பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்து "உது என்ன படம்?" என்று கேட்டார். அம்மா கண் வெட்டாமல் "மான்" என்றா. பஸ் நிலையத்தில் மான் நின்று வாழைப்பழத்தோல் தின்கிற ஊர், அவரும் நம்பிவிட்டார். குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவன் பழகத் தொடங்கிய முதல் நாள் அப்பா விக்ஸ் போத்தலோடு அறைக்குள் ஓடினவர். ட்ரம்ஸ் அடிக்கிற நிப்றாஸின் உம்மா ஜெஸீமா ஆன்ட்டி மட்டும்தான் சத்தத்தை விட்டுவிட்டுச் சொல்லைக் கேட்டவ. தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இது நாங்க துஆ கேக்கிற மாதிரித்தானே கிடக்கு புள்ள. அல்லாஹ்வுக்கு மெல்லச் சொன்னாலும் கேக்குமே, இவன் ஏன் பல்லுப் புடுங்கினவன் மாதிரிக் கத்துறான்?" என்றா.

நீங்கள் கேட்ட சொற்கள் இவை:

நீ கல்லா? கல்லென்றால் சொல்லிவிடு.
கல்லோடு பேசப் பழகிக்கொள்கிறேன்.
இனி உன் வாசலுக்கு வரமாட்டேன்.

காணொளி இந்த இடத்தில் முடிகிறது. பாட்டு முடியவில்லை. இதற்குப் பிறகு நிப்றாஸ் ஒரு நிமிடம் அடிப்பான். அது முடிய எல்லாம் நின்று, இராகுலன் கத்தாமல், அவனுடைய சொந்தக் குரலில், ஒரே ஒரு அடி பாடுவான்: "நீ வா." போட்டவர் அதை வெட்டிவிட்டார். அந்த நாற்பது செக்கனுக்குக் கீழே வந்த கருத்துகள் முழுவதையும் நான் வாசித்தேன். ஒருவர் தெய்வநிந்தை என்று பொலிசைக் கூப்பிடச் சொல்கிறார். ஒருவர் கடைசியில் ஒரு நாத்திகப் பாட்டு வந்ததே என்று வாழ்த்துகிறார். மூன்றாமவர் பழைய மெற்றல் ரசிகராம், முழுப்பாட்டையும் எங்கோ தேடிக் கேட்டுவிட்டு, "இது பக்திப் பாட்டு, எங்களை ஏமாத்திப்போட்டியள்" என்று அழாக்குறையாக எழுதியிருக்கிறார்.

இனி, அந்த ஓம் வந்த சபைக் கூட்டத்தில் நடந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை என்னுடையது. செயலாளர் சோமசேகரம் ஐயாவை உங்களுக்குத் தெரியும், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கோப்பில் தாள் எந்த ஒழுங்கில் இருக்கிறதோ அந்த ஒழுங்கில்தான் எடுப்பார், முன்கூட்டிப் புரட்டிப் பார்ப்பது அவருக்கு ஒழுங்கீனம். எப்போதும் மேலே இருக்கிற தாள் இறைவணக்கம், அதைப் பாடித்தான் கூட்டம் தொடங்கும். அன்றைக்கு எப்படியோ, முறைப்பாட்டோடு வந்த இந்தப் பாட்டு மேலே இருந்துவிட்டது. ஐயா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, "நீ கல்லாஆஆ" என்று இழுத்து இராகமாகத் தொடங்கினார். சபை முழுவதும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, கைகூப்பிக் கண்ணை மூடிவிட்டது. "நீ வா" என்கிற இடத்தை மட்டும் மூன்று தரம் பாடினார். பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆர் பாடின பதிகம் ஐயா?" என்று கேட்டார். ஐயா தாளின் அடியில் இருந்த இராகுலன் குழுவின் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரே அமளி. "உதைத்தானே தடை செய்ய வந்தனாங்கள்!" என்று ஒருவர். "நிண்டு கும்பிட்டாச்சு. இனித் தடை செய்தால் நாங்கள் இப்ப ஆரைக் கும்பிட்டனாங்கள்?" என்று பொருளாளர். "சாமியை ஏசிப் பாடுறது எங்களுக்குப் புதுசோ? நிந்தாஸ்துதி எண்டு அதுக்குப் பேரே கிடக்கு" என்று இன்னொருவர். "ஏசலாம், ஆனால் இப்படிக் குரைக்க ஏலாது" என்று முதலாமவர். கடைசியில் ஐயா எழுந்து, "முதல்ல நான் பாடுறன். பிறகு பெடியன் பாடட்டும். சனம் இரண்டையும் கேட்டுப்போட்டு முடிவெடுக்கட்டும்" என்றார். ஏகமனதாக நிறைவேறியது. அன்று தொடக்கம் ஐயா பின்னேரத்தில் அரிசி ஆலைக்கு ஒத்திகைக்குப் போய்வருகிறார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான், ஆனால் போகிறார். நேற்று நிப்றாஸுக்குத் தாளம் பிழைத்துவிட்டதாம், ஐயா தொடையில் தட்டிக் காட்டினாராம்.

ஆகவே மாமா, முழுப்பாட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி அடி வரைக்கும் வாசியுங்கள். பிழை என்று பட்டால் மறுத்து எழுதுங்கள், நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். பாட்டை எழுதியது யார் என்று சபையிலும் கேட்டார்கள். குறிப்பு எழுதுகிறவள் கூட்டத்தில் பேசக்கூடாது என்பதால் நான் பேசவில்லை.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அங்கே குளிர் குறைந்து, உங்கள் பேனா வேகமாக ஓடக் கோணேசர் துணை நிற்க.

என்றும் பணிவுள்ள மருமகள்,
சிவாஜினி

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாள் தானாக மேலே வரவில்லை. பாட்டை எழுதியவளும் நான்தான். ஆனால் சொல் என்னுடையது இல்லை. என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வராமல் கிடந்த வருடம், அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு சாமிப்படத்தோடு சண்டை பிடித்தவ: "நீ கல்லோ? கல்லெண்டால் சொல்லிப்போடு, நான் கல்லோட கதைக்கப் பழகிறன். இனி உன்ர வாசலுக்கு வரமாட்டன். வேணுமெண்டா நீ வா." நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டனான். மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தோடு எங்கள் படலையில் வந்து மணியடித்தவர் தபாற்காரர். அம்மா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, குடித்து முடியும்வரை கைகூப்பிக்கொண்டு நின்றவ. சாத்தானின் பாட்டு என்று நீங்கள் சொன்னது உங்கள் அக்காவின் பாட்டு, மாமா. அது தன்னுடைய சொல் என்று அவவுக்கு இன்னும் தெரியாது. சொல்வதா விடுவதா என்று உங்கள் சம்மதக் கடிதம் வந்தபிறகு யோசிக்கிறேன்.