வடிகட்டி எதிர்பார்த்த ஒரு வார்த்தை

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுபவன். உனக்கெதற்கு எழுத்து என்று கேட்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

கூத்தாநல்லூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் எல்லா வீட்டு ரகசியமும் தெரிந்த ஒரே மனிதர் வடிகட்டி. தெருச் சாக்கடை போய்ச் சேரும் இடத்தில் பஞ்சாயத்து ஒரு தொட்டி கட்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, கல்வாழை நட்டிருந்தது. கழிவுநீர் அதற்குள் மெல்ல ஊர்ந்து மறுபக்கம் தெளிந்து வரும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு ஒருவேளை ஞாபகம் இருந்திருக்கும்.

தொட்டி வாயிலிருந்த கம்பி வலையைப் பார்த்தே ஊர் நடப்பைச் சொல்லிவிடுவார். சோப்பு நுரை கூடினால் யார் வீட்டுக்கோ விருந்தாளி. ஒரு நாள் நடுத்தெருவில் நின்று குரல் கொடுத்தார்.

“மளிகைக்கடை அம்மா, விரதம்னு சொன்னீங்க, நெத்திலித் தலை வந்து நிக்குதே!”

“யோவ், தண்ணிய மட்டும் வடிகட்டுய்யா!”

சாக்கடையில் யாராவது எண்ணெய் ஊற்றினால் அவருக்குப் பொறுக்காது. வலையில் படிந்த பிசுக்கை வழித்து, வாழையிலையில் வைத்து, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். “உங்க பொருளுதாங்க. வழி தெரியாம எங்கிட்ட வந்துருச்சு.”

பார்வையிட வந்த அதிகாரியின் முன்னால் தெளிந்த தண்ணீரை அள்ளி முகம் கழுவினார். அதிகாரி நாலடி பின்னால் நகர்ந்துகொண்டு, “குடிப்பீங்களா?” என்று கேட்டார்.

“குடிக்க டீக்கடை இருக்கு சார். இது பயிருக்கு.”

ஆனால் எந்த விவசாயியும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை.

போன வருஷம் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தேன். ஆற்றில் தண்ணீர் ஓடியும் கடைமடையான எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்தது. ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்த மத்தியான நேரத்தில் அவரிடம் போனேன்.

“அண்ணே, கொஞ்சம் தண்ணி திருப்பி விடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்.”

“கொஞ்சம் என்ன தம்பி, மொத்தமும் எடுத்துக்க! ஆனா ஒரு நாளைக்கு நீயே வெளிய சொல்லணும்.”

“சொல்றேண்ணே.”

நாற்று கிளி நிறத்தில் எழுந்து நின்றது. போகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி, ஏது தண்ணீர் என்று கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பினேன். மாரியம்மன் கோயிலில் தை மாதப் புதுப்பொங்கலுக்கு எங்கள் வயல் அரிசிதான் போகும். அப்பா காலத்திலிருந்து அப்படி. சாக்கடைத் தண்ணீர் என்று தெரிந்தால் அந்த அரிசியை யார் வாங்கிப் பானையில் போடுவார்கள்?

அடுத்து வந்த கிராம சபைக் கூட்டத்தில், தொட்டியை மூடிவிட்டு அங்கே கலையரங்கம் கட்டலாம் என்று பேச்சு வந்தது. வடிகட்டி எழுந்தார். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை.

“தலைவரே, அது நல்ல தண்ணிங்க. பயிருக்கு ஆவும்.”

“ஆவும்னு நீதான் சொல்ற. ஒருத்தராவது பாய்ச்சியிருக்காங்களா? இருந்தா சொல்லு, தொட்டிய வச்சிக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. “அவரு வீட்டு ரோசாச் செடியக் கேளுங்க!” என்றார் ஒருவர்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரே தடவைதான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது. ஊர் ரகசியத்தையெல்லாம் தெருவில் நின்று கூவுகிற மனிதர், என் பெயரையும் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

“யாரும் இல்லீங்க தலைவரே,” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

வெளியே வரும்போது என் தோளைத் தட்டினார். “நாத்து முத்துறதுக்குள்ள பறிச்சு நட்டுடு தம்பி.” அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. மத்தியானத்துக்குள் தொட்டியை மூடிவிட்டார்கள். வண்டி ஓட்டுநருக்கு டீ வாங்கிக் கொடுத்தது வடிகட்டிதான்.