முள்ளுக்காட்டுக்கு பிளீச்சிங் பவுடர்

ஒரு காட்டைக் காப்பாற்றக் கிளம்பி, அதைத் தானே வெட்டிச் சாய்த்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இதைவிடக் கேவலமாகச் சொல்வார்.)

கீழ்பென்னாத்தூரில் பி.காம். முடித்து, அடி அண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஆறு மாதம். ஊருக்கும் மலைக்கும் நடுவே ஒரு முள்ளுக்காடு உண்டு. காரை, இலந்தை, ஆவாரை எல்லாம் கண்டபடி வளர்ந்து கிடக்கும். மலையில் பெய்கிற மழை அங்கே ஊறித்தான் எங்கள் கிணறுகளுக்கு வரும். என் மாமியாரின் பதினோரு ஆடுகளுக்கும் அதுதான் சாப்பாடு. பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிற வண்டிகளுக்கு இடம் போதவில்லை, அந்தக் காட்டை மட்டமாக்கி பார்க்கிங் போடலாம் என்று யாருக்கோ யோசனை வந்துவிட்டது. ஊரே கூடி, வேண்டாம் என்று மனு கொடுத்தது. எழுதியது நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

மனுவைப் படித்த அதிகாரி, நேரில் வந்து காட்டைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். மாமியார் என் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் செங்கம் கிளம்பிக்கொண்டிருந்தார். "அதிகாரி வந்தா மரியாதையா கூட்டிக்கினு போயி காட்டும்மா தனம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அதிகாரிக்கு மரியாதை என்றால் எங்கள் பக்கம் என்ன செய்வார்கள்? பெருக்குவார்கள், புல் செதுக்குவார்கள், கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள், பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

"முள்ளு ஜாஸ்திக்கா. அவரு பேன்ட் கிழிஞ்சிட்டா என்னா பண்றது?" என்றாள் பக்கத்து வீட்டு செல்வி. எனக்கு நியாயமாகப் பட்டது. முன்பக்கம் கொஞ்சம் வெட்டினோம். பளிச்சென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினோம். பொழுது சாய்வதற்குள் முப்பது பேர் சேர்ந்து முக்கால் காட்டை முடித்துவிட்டோம். ஏன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு ஒற்றுமை. என் வீட்டுக்காரர் கற்களை வரிசையாக வைத்து வெள்ளையடித்தார். நான் கோடு கோடாகப் பவுடர் போட்டேன். தோரணம் கட்டியதும் எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

மறுநாள் பௌர்ணமி. (அது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.) காலையில் போய்ப் பார்க்கிறேன், என்னுடைய இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு சென்னை கார் அம்சமாக நிற்கிறது. பக்கத்தில் இன்னும் ஏழு. நான் பதறி விரட்டுவதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. சென்னைக்காரர் கையைக் காட்டி, "அந்தக் கோட்டுக்குள்ள விடுங்க சார், சூப்பரா போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

அதிகாரி இறங்கி என்னைப் பார்த்தார். "பார்க்கிங் வேணாம்னுதானேம்மா மனு குடுத்தீங்க?"

"ஆமா சார்."

"காடு எங்க?"

"அதோ, ஓரமா குமிச்சு வச்சிருக்கோம் சார்."

அதோடு எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் மஞ்சள் பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார். என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். கீழே குனிந்து, வெட்டுப்பட்ட ஒரு காரைச் செடியின் தூரைக் கிளறினார். பிறகு அதிகாரியிடம் போனார்.

"கோச்சிக்காதீங்க சார். நீங்க வர்றீங்கன்னு எங்க மருமவ காட்டையே பெருக்கிட்டுது. வேரு அப்படியேதான் கீது. ஐப்பசி மழை வுட்டதும் வந்து பாருங்க. அப்பவும் இது காடா இல்லன்னா, நானே நின்னு வண்டி வுடச் சொல்றேன்."

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஊரில் ஒருத்தரும் ஆட்டை அந்தப் பக்கம் விடவில்லை. வீட்டிலேயே கட்டிப்போட்டு, எங்கெங்கோ போய்த் தழை ஒடித்து வந்தார்கள். எனக்கு மாமியார் தனியாக ஒரு வேலை கொடுத்தார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று பௌர்ணமிக்கும் நான் அங்கே நின்று, "இது பார்க்கிங் இல்லீங்க, காடு" என்று வண்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். வந்தவர்கள் மொட்டைத் தரையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மழை வந்தது. வெட்டுப்பட்ட கோபமோ என்னவோ, காடு முன்னைவிட அடர்த்தியாக முளைத்தது. அதிகாரி வந்து பத்தடி நடந்திருப்பார், காரை முள் அவர் பேன்ட்டை முழங்கால்வரை கிழித்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே குதித்திருப்பேன். கிழிசலைப் பிடித்துக்கொண்டே, "காடுதாம்மா, எழுதிடறேன்" என்றார். பார்க்கிங் யோசனை அதோடு போயிற்று.

ஆனால் பெயர் போகவில்லை. அந்தக் காட்டுக்கு ஊரில் இன்றுவரை 'தனம் பார்க்கிங்' என்றுதான் பெயர். மாமியார் தினமும் ஆடுகளை அவிழ்க்கும்போது, "தனம் பார்க்கிங் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று தெருவே கேட்கும்படி சொல்கிறார். ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

போன பௌர்ணமிக்கு ஒரு கார் என் பக்கத்தில் நின்றது. "மேடம், தனம் பார்க்கிங்னு சொன்னாங்களே, எங்க இருக்கு?"

கை காட்டினேன். புதருக்குள்ளிருந்து ஒரு கௌதாரி தன் குஞ்சுகளோடு சாவகாசமாக நடந்து வந்து, எங்களைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போனது.

"ஃபுல்லா இருக்கு சார்" என்றேன்.